வீட்டில் கட்டிய எலெக்ட்ரிக் கிட்டார்: கோளாறைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

கம்பி மாட்டி ஆம்ப்பில் செருகிய முதல் நாள் எந்தக் கிட்டாரும் நன்றாகத்தான் ஒலிக்கும். தொல்லை பிறகு வரும். கத்திரி வெயிலில் ஒட்டிய நெக் (கை பிடிக்கும் நீண்ட கழுத்து) ஐப்பசி மழையில் வேறு வளைவு எடுக்கும். ஏ.சி. அறையில் வைத்தால் ஃபிரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோக மெட்டு) முனைகள் வெளியே நீட்டும். பூசிய லாக்கர் வெளுத்துப் போகும். சென்னையில் கட்டும் கிட்டார்களில் வரும் மரக் கோளாறுகளைத் துருவிக்கொண்டே போனால் பெரும்பாலும் ஈரத்தில் போய் நிற்கும். அது தெரியாமல் டிரஸ் ராட் (நெக்கின் உள்ளே ஓடி அதன் வளைவைத் திருத்தும் இரும்புக் கம்பி) சாவியை எடுத்துத் திருகி நல்ல நெக்கை வீணாக்கிவிடுகிறார்கள். அதனால் கோளாறு எப்படித் தெரிகிறதோ அங்கிருந்து தொடங்கி, அளந்து பார்த்து, காரணத்துக்குப் போகும் வழியைச் சொல்கிறேன். எந்தப் பொருளை வாங்குவது என்பதும் அந்தந்த இடத்திலேயே வரும்.

அளக்க அதிகம் தேவையில்லை. விளிம்பு நேராக உள்ள 60 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் (மெல்லிய இடைவெளியை அளக்கும் தகடுகள்), ஒரு கேபோ (எல்லாக் கம்பியையும் ஒரே ஃபிரெட்டில் அழுத்தும் பிடிப்பான்), ட்யூனர், மல்டிமீட்டர். முதல் இரண்டும் லிங்கி செட்டித் தெருவில் கிடைக்கும், மல்டிமீட்டர் ரிச்சி தெருவில். வரிசை முக்கியம்: முதலில் சுதி சேர்ப்பது, அப்புறம் நெக் வளைவு, ஃபிரெட் மட்டம், நட் (தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் காடி வெட்டிய சின்னக் கட்டை), சாடில் (உடல் பக்கத்தில் கம்பியைத் தாங்கும் துண்டு) உயரம், கடைசியில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) உயரம். முன்னால் உள்ளதை மாற்றினால் பின்னால் உள்ளது எல்லாம் மாறும். வரிசையைத் தாண்டிச் செய்த வேலையைத் திரும்பவும் செய்ய வேண்டியிருக்கும்.

மழைக்கு ஒரு உயரம், வெயிலுக்கு ஒரு உயரம்

முதல் ஃபிரெட்டில் கேபோ போடுங்கள். கடைசி ஃபிரெட்டில் தடித்த கம்பியை அழுத்திப் பிடியுங்கள். இப்போது அந்தக் கம்பியே ஒரு நேர்கோடு. ஏழு, எட்டாவது ஃபிரெட்டுக்கு மேல் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி இருந்தால் சரி. அதைவிட அதிகம் என்றால் நெக் முன்பக்கம் வளைந்திருக்கிறது, டிரஸ் ராடைக் கடிகார முள் திசையில் இறுக்க வேண்டும். இடைவெளியே இல்லை என்றால் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்று போதும். திருப்பியதும் சுதி மாறும், சேர்த்துவிட்டு மறுபடி அளங்கள். மரம் முழுதாக இசைந்து கொடுக்க ஒரு நாள்கூட ஆகலாம். சாவி கெட்டியாக நின்றுவிட்டால் அதற்கு மேல் பலம் கொடுக்காதீர்கள். கம்பிகளைத் தளர்த்தி, நெக்கைக் கையால் பின்பக்கம் மெதுவாக வளைத்துப் பிடித்துக்கொண்டு திருப்பினால் ராடின் மேல் உள்ள சுமை குறையும்.

வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை கால் சுற்று திருப்புவது நம் ஊரில் சாதாரணம். மாதா மாதம் திருப்ப வேண்டியிருந்தால் மரம் இன்னும் அடங்கவில்லை என்று பொருள்.

காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் உள்ள இடத்தில் மரம் நாளடைவில் தன் எடையில் சுமார் 16 சதவீதம் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். 50 சதவீதத்தில் அது 9 சதவீதம்தான். கார்த்திகை மழையில் திறந்த வராந்தாவிலும், அதே வாரம் ஏ.சி. ஓடும் படுக்கையறையிலும் வைத்தால் மரம் பார்ப்பது இந்த இரண்டு கோடிகளை. நெக் மரமும், அதன் மேல் ஒட்டி ஃபிரெட் அடிக்கும் பலகையான ஃபிங்கர்போர்டின் மரமும் ஒரே அளவில் உப்புவதில்லை, அதனால்தான் வளைவு. எந்தப் பக்கம் வளையும் என்பது எந்த மரத்தை எதோடு ஒட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஆகவே நெக்குக்கான மரத்தைப் பொறுமையாகத் தேர்ந்தெடுங்கள். சூளை, சைடன்ஹாம்ஸ் சாலைப் பக்கத்து மரக் கடைகளில் கன அடிக் கணக்கில் விலை சொல்வார்கள். நமக்கு வேண்டியதோ ஒரு துண்டு. கதவு, ஜன்னல் வேலைக்கு அறுத்த துண்டுகளைப் புரட்டிப் பார்த்தால் நல்லது அகப்படும். மூன்று விஷயங்களைப் பாருங்கள். வைரம் பாய்ந்த பகுதியாக இருக்க வேண்டும், ஓரத்து வெள்ளை கூடாது. ரேகை நெக்கின் நீளத்துக்கு ஓரத்தை விட்டு ஓடாமல் நேராகப் போக வேண்டும். துண்டின் முனையைப் பார்த்தால் வளையக் கோடுகள் படுக்கையாக இல்லாமல் செங்குத்தாக நிற்க வேண்டும். அப்படி அறுத்த மரம் அகலவாக்கில் உப்புவது படுக்கைக் கோட்டு மரத்தில் ஏறக்குறைய பாதிதான்.

கடைக்காரர் காய்ந்த மரம் என்றுதான் சொல்வார். அதைச் சரிபார்க்கச் சமையலறைத் தராசு போதும். துண்டை நெக் அளவுக்குச் சற்றுப் பெரிதாக அறுத்து, எடை போட்டு, தேதியோடு மரத்திலேயே பென்சிலால் எழுதுங்கள். நீங்கள் வேலை செய்யும் அறையிலேயே, காற்று நாலு பக்கமும் படும்படி வைத்து வாரம் ஒரு முறை எடை பாருங்கள். தொடர்ந்து சில வாரம் எடை மாறாமல் நின்றால்தான் மரம் அந்த அறைக்கு இசைந்திருக்கிறது. இறங்கிக்கொண்டே இருந்தால் அது பச்சை மரம், அதில் உளி வைக்கவே கூடாது. அடங்கிய பிறகும் ஒரே நாளில் நெக் அளவுக்குச் சீவிவிடாதீர்கள். முக்கால்வாசி சீவி, ஒரு வாரம் விட்டு, அது கோணுவதெல்லாம் கோணிய பிறகு மீதியை இழையுங்கள்.

மேப்பிள்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை. தேக்கு உப்புவதும் சுருங்குவதும் மிகக் குறைவு. நெக்குக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். ஒரே துண்டாக எடுக்காமல் மூன்று பட்டைகளாக அறுத்து, நடுப்பட்டையைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டினால் ஒன்றின் கோணலை மற்றொன்று பிடித்துக்கொள்ளும். இரண்டு குறைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். தேக்கில் உள்ள சிலிக்கா இழைப்புளியின் கூரைச் சீக்கிரம் மழுக்கும். அதிலுள்ள எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிடோன் நனைத்த துணியால் துடைத்து, அது காய்ந்ததும் உடனே ஒட்டுங்கள். டிரஸ் ராட் வாங்கும்போது இரு பக்கமும் வேலை செய்யும் வகையை வாங்குங்கள். நம் ஊர்ப் பருவத்துக்கு ஒரு பக்க ராட் போதாது.

ஃபிரெட் அடித்ததும் நெக் பின்பக்கம் வளைந்துவிட்டது

கம்பி மாட்டும் முன்பே ஸ்கேலை வைத்தால் நடுவில் தூக்கி, இரு முனையிலும் வெளிச்சம் தெரியும். இதற்கு இரண்டு காரணம்தான் அடிக்கடி பார்க்கிறோம்.

ஒன்று, ஃபிரெட் காடி (ஃபிரெட்டை இறக்க அறுத்த பள்ளம்) குறுகல். ஃபிரெட் கம்பியின் அடிக்கால் சுமார் 0.5 மி.மீ. தடிப்பு, அதில் பற்கள் வேறு உண்டு. காடி 0.6 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். மெல்லிய வாளால் 0.5-க்குள் அறுத்துவிட்டு 22 ஃபிரெட்டை அடித்தால் ஒவ்வொன்றும் ஒரு சின்ன ஆப்பு, எல்லாம் சேர்ந்து மேற்பரப்பை விரித்து நெக்கைப் பின்னால் தள்ளும். வாளை வாங்கியதும் ஒரு வீண் துண்டில் அறுத்து ஃபீலர் கேஜை விட்டுப் பாருங்கள். வீணையில் மெட்டுகளை மெழுகில் பதிப்பதால் எடுத்து மறுபடி வைக்கலாம். கிட்டாரில் அந்த வசதி இல்லை, ஃபிரெட்டைப் பிடுங்கும் ஒவ்வொரு தடவையும் காடியின் ஓரம் சில்லு சில்லாகப் பெயரும். கருங்காலி, ஈட்டி போன்ற கடின மரத்தில் இன்னும் மோசம். சால்டரிங் அயர்னால் ஃபிரெட்டைச் சூடாக்கிவிட்டு எடுத்தால் சேதம் குறையும்.

இரண்டாவது, பசைத் தண்ணீர். வெள்ளைப் பசையில் தண்ணீர் உண்டு. அது ஃபிங்கர்போர்டின் அடிப்பக்கத்தை மட்டும் நனைக்கும். மெல்லியதாகத் தடவி, தட்டையான பலகையில் வைத்து முழு நீளத்துக்கும் கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள். கிளாம்ப் எடுத்ததும் மட்டம் தேய்க்க உட்காராமல் ஒரு வாரமாவது காத்திருங்கள். ஈரம் இருக்கும்போது தேய்த்து நேராக்கிய பலகை காய்ந்த பிறகு வளையும்.

வளைவு சின்னதாக இருந்தால் கம்பி மாட்டிப் பாருங்கள். 10-46 செட் (மெல்லிய கம்பி 0.010, தடித்தது 0.046 அங்குலம்) நட்டிலிருந்து சாடில் வரை 648 மி.மீ. நீளத்தில் மொத்தமாக சுமார் 46 கிலோ இழுக்கும். கொஞ்சம் வளைவை அந்த இழுவையே எடுத்துவிடும், மீதியை இருபக்க ராட் பார்த்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் ஃபிரெட்டை எடுத்துக் காடியை அகலப்படுத்துவதைத் தவிர வழியில்லை.

ஜிர்ரென்று இரைகிறது

எங்கே இரைகிறது என்பதிலேயே விடை இருக்கிறது. அழுத்தாத கம்பி மட்டும் இரைந்தால் நட் காடி ஆழமாகிவிட்டது. மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்து முதல் ஃபிரெட்டுக்கு மேலே பாருங்கள்: மயிரிழை இடைவெளி தெரிந்தால் நல்லது, கம்பி ஃபிரெட்டைத் தொட்டால் காடி கீழே போய்விட்டது. எலும்பு நட் என்றால் எலும்புத் தூளைக் காடியில் நிரப்பி ஃபெவிகுவிக் ஒரு சொட்டு விட்டு, கெட்டியானதும் மறுபடி அராவலாம். நிலைக்கும் வேலை வேண்டுமென்றால் புது நட் போடுங்கள்.

முதல் ஐந்து ஃபிரெட்டுக்குள் எல்லா இடத்திலும் இரைந்தால் நெக் நேராகவோ பின்வளைவாகவோ இருக்கிறது, ராடைத் தளர்த்துங்கள். பன்னிரண்டுக்கு மேல் மட்டும் இரைந்தால் சாடில் தாழ்வு, அல்லது நெக் உடலோடு சேரும் இடத்தில் ஃபிங்கர்போர்டு மேலே எழும்பியிருக்கிறது. ஈரம் ஏறிய மரத்தில் இந்த மேடு அடிக்கடி வரும். அதை ராடால் சரிசெய்ய முடியாது; ராடின் வேலை நெக்கின் நடுப்பகுதியோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கடைசி ஃபிரெட்டுகளைத் தேய்த்துச் சரிவு கொடுக்க வேண்டும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் இரைந்தால் அடுத்த ஃபிரெட் தூக்கியிருக்கிறது. மூன்று ஃபிரெட்டின் மேல் மட்டுமே படும் நீளத்துக்கு ஸ்டீல் ஸ்கேல் துண்டை வைத்து ஆட்டிப் பாருங்கள். டக்டக்கென்று ஆடினால் நடு ஃபிரெட் உயரம். தேய்க்கும் முன் அதை விரலால் அழுத்திப் பாருங்கள். பல நேரம் அது காடியில் முழுதாக இறங்கியிருக்காது, அழுத்தினால் இறங்கும். அதை அழுத்திப் பிடித்து மெல்லிய ஃபெவிகுவிக் விட்டால் போதும், அரம் வேண்டாம்.

சாடிலை அடிமட்டம் வரை இறக்கியும் கம்பி உயரமாகவே இருந்தால், அல்லது முழுதாகத் தூக்கியும் இரைந்தால், நெக் உட்காரும் குழியின் ஆழமோ கோணமோ சரியில்லை. உயரமாக இருந்தால் குழியின் உடல் பக்கத்துக் கோடியில், தூக்கியும் இரைந்தால் தலைப்பக்கத்துக் கோடியில், விசிட்டிங் கார்டு தடிப்பில் ஒரு மரச் சீவலை ஆப்பு போல் இழைத்து வையுங்கள். குழி முழுவதையும் நிரப்பும் ஆப்பாக இருக்கட்டும். ஒரு ஓரத்தில் மட்டும் துண்டு வைத்து ஸ்குரூவை இறுக்கினால் கொஞ்ச நாளில் அந்த இடைவெளிக்குள் மரம் வளைந்து, மேலே சொன்ன மேடு வந்துவிடும்.

அழுத்தாமல் வாசித்தால் சுதி சேர்கிறது, அழுத்தினால் சேரவில்லை

நட் பக்கத்து ஃபிரெட்டுகளில் மட்டும் சுதி ஏறினால் நட் காடி உயரம். கம்பியை ஃபிரெட்டுக்கு இறக்க அதிகம் அழுத்த வேண்டியிருப்பதால் இழுவை கூடிச் சுதி ஏறுகிறது. காடியை அராவி இறக்குங்கள், ஒவ்வொரு அராவலுக்கும் சோதித்துக்கொண்டே.

மேலே போகப் போகச் சுதி விலகினால், சாடில்கள் உட்காரும் பிரிட்ஜைப் பாருங்கள். பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு மேல் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் நாதமும், அதே ஃபிரெட்டில் அழுத்தி வாசிக்கும் சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சாடிலைப் பின்னுக்கு, இறங்கியிருந்தால் நெக்கை நோக்கி முன்னுக்கு நகர்த்துங்கள். பழைய கம்பியில் இதைச் செய்து பயனில்லை. கடற்காற்றில் துருவேறிய கம்பியின் தடிப்பு இடத்துக்கு இடம் மாறும், எந்த சாடில் நிலையும் அதற்குப் பொருந்தாது.

சாடில் கடைசிவரை போய் முட்டிக்கொண்டும் சேரவில்லை என்றால் பிரிட்ஜே தவறான இடத்தில் இருக்கிறது. 648 மி.மீ. கிட்டாரில் மெல்லிய கம்பியின் சாடில், தன் நகர்வில் முன்பக்கமாக நிற்கும்போது, நட்டிலிருந்து சரியாக 648-ல் வர வேண்டும். மற்றவை பின்னால் போகும், தடித்த கம்பிக்கு நாலைந்து மி.மீ. வரை. ஸ்குரூ துளை போடும் முன் இரண்டு ஓரக் கம்பிகளையும் மாட்டி, பிரிட்ஜை கிளாம்பில் பிடித்துச் சோதித்தால் இந்தத் தொல்லையே வராது. கம்பிகள் ஃபிங்கர்போர்டின் ஓரத்துக்குச் சமதூரத்தில் ஓடுகின்றனவா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் சில ஃபிரெட்டுகளில் மட்டும் சுதி தவறினால் காடி அறுத்த இடம் தவறு. நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் நட்டிலிருந்து முதல் ஃபிரெட்டின் தூரம். 648-க்கு அது 36.37 மி.மீ. மீதியுள்ள நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்த இடைவெளி. பன்னிரண்டாவது மிகச் சரியாகப் பாதியில், 324-ல் விழ வேண்டும். கணக்கு இப்படி, ஆனால் மரத்தில் குறிக்கும்போது ஒவ்வொரு தூரத்தையும் நட்டிலிருந்தே அளந்து குறியுங்கள். முந்தின ஃபிரெட்டிலிருந்து அளந்தால் கால் மி.மீ. பிழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். தவறிய காடியை ஈட்டிச் சீவலால் அடைத்து மறுபடி அறுக்கலாம். மூன்று நாலுக்கு மேல் தவறியிருந்தால் போர்டையே மாற்றுங்கள்.

சுதி சேர்த்துக்கொண்டிருக்கும்போது டிங்கென்று சத்தம் கேட்டு சுரம் குதித்தால் கம்பி நட்டில் சிக்குகிறது. காடியில் மென்மையான பென்சில் முனையைத் தேய்த்துவிடுங்கள்.

ஒரே கம்பியில் இரண்டு சுதி கேட்கிறது

தடித்த கம்பியில் மேல் ஃபிரெட்டுகளை வாசிக்கும்போது சுரம் அலையாக ஏறி இறங்கி, ட்யூனர் முள் நிற்காமல் ஆடினால், பிக்கப் காந்தம் கம்பியை இழுக்கிறது. ஒரே சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப்பில் இது அதிகம். கடைசி ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்தால் கம்பிக்கும் காந்தத்துக்கும் 2.5 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும், தடித்த பக்கம் இன்னும் சற்றுக் கீழே. நெக்கையும் சாடிலையும் தொட வேண்டாம்.

ம்ம்ம் என்று ஓயாத ஒலி

முதலில் ஒரு எச்சரிக்கை. கம்பியைத் தொட்டால் கையில் சுரீரென்று தெரிந்தால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். அது கிட்டார் கோளாறு அல்ல. ஆம்ப்பிலோ வீட்டு வயரிங்கிலோ எர்த் இல்லை. பழைய வீடுகளில் மூன்றாவது துளை வெறும் துளையாகவே இருப்பதுண்டு. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்து, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ம்ம் ஒலி குறைகிறது என்பதற்காக எர்த் பின்னைக் கழற்றுவதோ இரண்டு பின் அடாப்டர் போடுவதோ உயிருக்கு ஆபத்து. ஆறு கம்பியும் உங்கள் கையும் அந்த எர்த்தோடுதான் இணைந்திருக்கின்றன.

எர்த் சரி என்று தெரிந்த பிறகு கிட்டாரைப் பாருங்கள். வால்யூமைப் பூச்சியத்துக்கு இறக்கியும் ஒலி போகவில்லை என்றால் கோளாறு கேபிளிலோ, ஜாக்கிலோ (கேபிள் செருகும் துளை), ஆம்ப்பிலோ இருக்கிறது. வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். வால்யூமை ஏற்றி, கம்பியைத் தொடுங்கள். தொட்டால் ஒலி குறைகிறதா? அப்படியானால் இணைப்புகள் சரி, ஷீல்டிங்தான் (வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) போதவில்லை. தொட்டால் அதிகமாகிறதா? ஜாக்கில் இரண்டு ஒயரும் இடம் மாறியிருக்கின்றன. தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒன்றுதானா? பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் அறுந்திருக்கிறது. மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, பிரிட்ஜுக்கும் ஜாக்கின் வெளிவளையத்துக்கும் நடுவே பாருங்கள். ஏறக்குறைய பூச்சியம் காட்ட வேண்டும். பிரிட்ஜுக்கு அடியில் ஒயரை வைத்து இறுக்கும்போது அங்கே பாலிஷ் பூச்சு இருந்தால் தொடர்பு கிடைக்காது, இது அடிக்கடி நடப்பது.

ஷீல்டிங்குக்கு ரிச்சி தெருவில் கிடைக்கும் செப்புத் தகடு டேப் நல்லது. பசையும் மின்சாரம் கடத்தும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் துண்டுகள் சேரும் இடத்திலெல்லாம் ஒரு சொட்டு சால்டர் வைக்க வேண்டும். பிக்கப் குழி, கன்ட்ரோல் குழி, மூடியின் உள்பக்கம் எல்லாம் ஒரே கூண்டாக இணைந்து எர்த்துக்குப் போக வேண்டும். சமையலறை அலுமினியத் தாளும் தடுக்கும், ஆனால் அதில் சாதாரண சால்டர் பிடிக்காது.

எல்லாம் செய்தும், நீங்கள் திரும்பி உட்காரும் திசைக்கு ஏற்ப ஒலி கூடிக் குறைந்தால் அது காந்தப் புலம். செப்புத் தகடு அதைத் தடுக்காது. சிங்கிள் காயிலின் இயல்பு அது. நம் வீடுகளில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் டிரான்ஸ்ஃபார்மர், மலிவான எல்.இ.டி. டிரைவர், பழைய வகை எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் எல்லாம் அருகில் இருக்கும். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். ரெகுலேட்டர்தான் என்றால் படி படியாகத் திரும்பும் கெப்பாசிட்டர் வகைக்கு மாற்றினால் அந்தக் கரகரப்பு அடங்கும். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைந்தால் கிட்டாரைப் பிரிக்காதீர்கள், ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் தரும் மின்சாரம் அப்படித்தான். இதில் ஒத்துப்போக முடியாதவர்கள் இந்த ம்ம் ஒலியை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கர் போடலாம்.

ஒலி மந்தம், வால்யூம் சரியாக இறங்கவில்லை, கீச்சிடுகிறது

கூர்மையே இல்லாமல் ஒலித்தால் பாட்டின் (வால்யூம், டோன் குமிழுக்கு அடியில் உள்ள பொட்டென்ஷியோமீட்டர்) மதிப்பைப் பாருங்கள். ஆம்ப்ளிஃபையர் பழுது பார்ப்பவர்கள் வாங்கும் 10கே, 50கே, 100கே பாட்டுகள்தான் கடையில் சுலபமாகக் கிடைக்கும். அவை உயர் அதிர்வெண்களை விழுங்கிவிடும். ஹம்பக்கருக்கு 500கே, சிங்கிள் காயிலுக்கு 250கே. மேலே பி என்ற எழுத்து இருந்தால் நேர் அளவு, ஏ என்றால் காதுக்கு ஏற்ற அளவு. வால்யூம் பத்திலிருந்து மூன்று வரை ஒன்றும் மாறாமல் கடைசியில் சட்டென்று இறங்கினால் பி வகை போட்டிருக்கிறீர்கள். டோன் கெப்பாசிட்டருக்கு 223 அல்லது 473 என்று எழுதியது போதும். விலையுயர்ந்தது வாங்கத் தேவையில்லை.

இரண்டு பிக்கப்பும் சேர்ந்தால் மட்டும் ஒலி மெலிந்து மூக்கால் பேசுவது போல் இருந்தால் ஒன்று எதிர்த் திசையில் இருக்கிறது. ஒரு பிக்கப்பின் இரண்டு ஒயரையும் மாற்றி சால்டர் செய்யுங்கள்.

சத்தத்தைக் கூட்டினால் கீச்சென்று கத்தினால், பிக்கப்பின் உலோகப் பகுதியைத் தட்டிப் பாருங்கள். தட்டும் ஒலி ஸ்பீக்கரில் பலமாகக் கேட்டால் காயில் உள்ளே ஆடுகிறது. பாரஃபின் மெழுகு நாலு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு, 65 டிகிரிக்கு மேல் போகாமல் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, அதில் பிக்கப்பை முக்கி குமிழி நிற்கும்வரை வையுங்கள். மெழுகுப் பாத்திரத்தை நேராக அடுப்பில் வைக்கவே வேண்டாம், தீப்பிடிக்கும்.

பாலிஷ் வெளுத்துவிட்டது, அல்லது ஒட்டிக்கொண்டே இருக்கிறது

என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் அடித்த சில நிமிடத்தில் பால் போல் வெள்ளை படிந்தால் காற்றின் ஈரம் உள்ளே மாட்டியிருக்கிறது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, அதன்மேல் நீர் படிகிறது. பயப்பட வேண்டாம், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுக்கவும் வேண்டாம். காய்ந்த நாளில் மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை மெல்லிய தூறலாக அடித்தால் லாக்கர் இளகி, ஈரம் வெளியேறி, தெளிந்துவிடும். அடுத்த பூச்சுகளுக்கும் கொஞ்சம் ரிடார்டர் கலந்துகொள்ளுங்கள். கோடையில் காலை பத்து மணிக்கு மேல், கடற்காற்று புகுவதற்கு முன் உள்ள நேரம் நல்லது. மழைக்காலத்தில் லாக்கர் வேலையே வைத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் என் விருப்பம். மொட்டை மாடியிலோ வராந்தாவிலோ அடியுங்கள், ரசாயன ஆவிக்கான மாஸ்க் போடுங்கள், பக்கத்தில் அடுப்போ ஊதுவத்தியோ எரியக் கூடாது.

தேக்கின் மேலோ ஈட்டியின் மேலோ பூசிய வார்னிஷ் நாள் கணக்கில் பிசுபிசுத்தால் மரத்தின் எண்ணெய் அதைக் காய விடவில்லை. துடைத்து எடுத்துவிட்டு, அசிடோனால் துடைத்து, முதலில் மெழுகு நீக்கிய ஷெல்லாக் ஒரு பூச்சு கொடுங்கள். அதன்மேல் எதுவும் காயும். ஸ்பிரே வசதி இல்லாதவர்கள் துணியால் துடைத்துப் பூசும் பாலியூரித்தேனை எடுத்துக்கொள்ளலாம். மெதுவாகக் காயும், ஆனால் நம் ஈரத்தில் வெளுக்காது. கிட்டாரின் எல்லாப் பக்கமும், பிக்கப் குழியும், நெக் குழியும்கூட ஒரு பூச்சு வாங்கட்டும். பூசாத பக்கம் வழியாக ஈரம் ஏறினால் உடல் ஒரு பக்கமாக வளையும்.

ஃபிரெட் முனை கையைக் குத்துகிறது

ஈரமான மாதத்தில் ஃபிரெட் அடித்து, ஏ.சி. அறைக்குக் கொண்டுபோனதும் போர்டு அகலத்தில் அரை மி.மீ. சுருங்கினாலே போதும். உடனே அராவாதீர்கள். கிட்டார் இனி எங்கே வாழப்போகிறதோ அந்த அறையில் சில வாரம் விட்டு, சுருங்குவது நின்ற பிறகு சன்ன அரத்தால் ஒரு முறை முனைகளை எடுத்தால் போதும்.

தோளை இழுக்கிறது, தலை கீழே சாய்கிறது

சாதாரண அளவு உடலின் கன அளவு சுமார் நாலு லிட்டர். ஆகவே கணக்கு எளிது: தேக்கில் இரண்டரை கிலோவைத் தாண்டும், வேங்கையில் மூன்று கிலோவுக்கு மேல், மலைவேம்பில் இரண்டுக்குள் அடங்கும். பலாவும் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக்கும் நடுவில் வரும். தஞ்சாவூர் வீணைக்கு எடுக்கும் பலாவை உடலுக்கு நான் தயங்காமல் சொல்வேன். இழைக்க இதமானது, கம்பி இழுவையை நன்றாகத் தாங்கும். எடை கூடிய மரமே கையில் இருந்தால் மேற்பலகை ஒட்டும் முன் உள்ளே குழிகள் எடுங்கள். உடல் மிக லேசாக இருந்தால் நெக் தலை சாயும். அப்போது மேல்கொம்பை பன்னிரண்டாவது ஃபிரெட் அளவுக்கு நீட்டி அங்கே பட்டி மாட்டுவதும், தலையில் கம்பி முறுக்கும் சாவிகளை லேசானதாகப் போடுவதும்தான் வழி.

ஃபிங்கர்போர்டுக்கு ஈட்டி போல வேறில்லை என்று நினைப்பவன் நான். ரசீதோடு வாங்குங்கள். 2017 முதல் அந்த இன மரங்கள் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. 2019-ல் முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது, ஆனால் பலகையாக வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாகஸ்வரம் செய்யும் ஆச்சா மரம் பழைய வீட்டுச் சாமான் கடையில் துண்டாகக் கிடைத்தால் விடாதீர்கள். மிகக் கடினம், வாள் திணறும், ஆனால் போர்டாக நன்றாக உழைக்கும்.

கிட்டாருக்கு அடியில் மாவு மாவாகத் தூள்

ஸ்டாண்டுக்குக் கீழே சன்னமான தூளும் மரத்தில் குண்டூசி அளவுத் துளையும் தெரிந்தால் துளைப்பூச்சி. மரத்தின் வெள்ளைப் பகுதியில் உள்ள மாவுச்சத்தைத் தின்று வளர்வது. ரப்பர் மரம், மாமரம் இரண்டிலும் அதிகம் வரும். போரான் கரைசல் ஏற்றாத ரப்பர் மரத்தைக் கிட்டாருக்கு எடுக்கவே வேண்டாம். பூச்சு முடிந்த பரப்பில் அது புதிதாக முட்டையிடாது, ஆகவே உள்ளே இருப்பவற்றைக் கொன்றால் போதும். துளை ஒவ்வொன்றிலும் ஊசியால் மரப்பூச்சி மருந்தை ஏற்றி, மெழுகால் அடைத்து, ஸ்டாண்டுக்குக் கீழே கறுப்புத் தாள் விரித்து வையுங்கள். புதிதாகத் தூள் விழுந்தால் உடனே தெரியும். அது முழுதாக நின்றுவிட்டது என்று உறுதியாகும்வரை அந்தக் கிட்டாரை மற்றக் கிட்டார்களுக்கும் எடுத்து வைத்த மரத்துண்டுகளுக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள்.